விடும் எண்

சுன்மோரேயில் இரவெல்லாம் மழை.
மலையின் பாதிக்கு மேல் அதுவே பனி.
காப்பி இறங்குவதற்குள் குன்வோர் வந்துவிட்டாள்,
தோளில் இன்னும் துளையிடாத புதுச் சறுக்குப் பலகைகள்,
கையில் பழைய காலணி.

"கட்டு வேண்டும். ஏறவும் இறங்கவும்."

மூன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

முதலாவது நூற்றெழுபது கிராம்,
ஓர் ஆரஞ்சுப் பழம்.
பிரேக் கிடையாது, ஒரு மெல்லிய கயிறுதான்.
அடுத்தது, முன்னங்காலை இரண்டு ஊசியால் கவ்வும்,
பின்னால் குதிகாலுக்கு இரண்டு படி உயரம்,
பிரேக் உண்டு.
கடைசியது தடியன்:
இறக்கத்தில் தண்டவாளம்,
ஏற்றத்தில் கடன்.

"அஸ்லே இதைத்தான் வாங்கச் சொல்கிறான்.
ஆயிரத்து இருநூறு மீட்டர்
அவன் காலா ஏறப்போகிறது?"
வெளியே வேனில்
அவளுடைய முதல் கால்கட்டு
ஹார்ன் அடித்தது.

ஆரஞ்சை உள்ளங்கையில் வெகுநேரம் புரட்டினாள்.
"பிடிக்குமா?" என்றாள்.
எனக்கா, பனிக்கா, காலணிக்கா
என்று கேட்கவில்லை நான்.
"நடுவில் இருப்பது பிடிக்கும்" என்றேன்.
"வேண்டியபோது விடவும் செய்யும்."

சொன்னபிறகுதான் உறைத்தது.

போன தடவை இதே மேசை.
செங்குத்தில் ஒருமுறை பலகை கழன்றுகொண்டதாம்.
"இன்னும் ஏற்று" என்றாள்.
ஆறரையில் நின்றதை எட்டுக்குத் திருகினேன்.
ஏப்ரலில், ஈரப்பனியில்,
ஃபியோர்டின் தண்ணீர் தெரிகிற தூரத்தில் விழுந்தாள்.
பலகை விடவில்லை.
முழங்கால் விட்டது.

"நான்தான் கேட்டேன்" என்றாள், மேசையைப் பார்த்து.
"நான்தான் திருகினேன்."
காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.
இருவருமே எழவில்லை.

பிறகு அட்டவணையை எடுத்தேன்.
எடை?
"அறுபத்து நான்கு." தயங்கி, "ஆறு."
காலணியின் அடிநீளம் இருநூற்றுத் தொண்ணூற்றேழு,
அதைக் கேட்கத் தேவையில்லை, குதிகாலில் பொறித்திருக்கிறது.
ஐம்பது தாண்டினால் ஒரு வரிசை மேலே போகவேண்டும்,
எண் குறையும்.
தாண்டிவிட்டதா?
சுவரில் தொங்கிய கையுறைகளை எண்ணினாள்.
"பிப்ரவரியில்."
நிதானம், நடுத்தரம், மூர்க்கம்: எந்த ரகம்?
போன தடவை கேட்டு முடிப்பதற்குள் மூர்க்கம் என்றவள்
"சாயங்காலம் துணி துவைக்கவேண்டிய ரகம்" என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
நடுத்தரத்தில் கோடு போட்டேன்.

ஐந்து.

பலகையின் நெற்றியில் காகித அச்சை ஒட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு துளையிட்டேன்.
முப்பது வருடமாக இடுகிறேன், இன்னும் பயம்:
தப்பிய துளையை அடைக்கலாம்,
இல்லாமல் செய்ய முடியாது.
சுருள் சுருளாய் வந்த மரத்தூளை
அவளே ஊதினாள்.

"ஏறும்போது முன்னால் பூட்டு.
இறங்குமுன் பூட்டை எடு.
மறந்தால் ஐந்தும் ஒன்றுதான் ஐம்பதும் ஒன்றுதான்."
"தெரியும்."
தெரியும் என்று எனக்கும் தெரியும்.

காலணியை ஊசிகளுக்கிடையில் வைத்து அழுத்தினாள்.
டக்.
குதிகால், டக்.
பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓர் அடி.
அசையவில்லை.
இன்னும் ஓங்கி.
கழன்று மேசையில் உருண்டது.
மறுபடி மாட்டினாள், மறுபடி அடித்தாள்,
மறுபடி, மறுபடி,
ஹார்ன் நின்று அஸ்லே உள்ளே வந்து
கதவைப் பிடித்தபடி நின்றதும் தெரியாமல்.

அவர்கள் போனபின்
மூலையில் சாய்ந்திருந்த என் பலகையை இழுத்தேன்.
நாலு வருடமாக அந்தச் சின்ன ஜன்னலுக்குள்
எட்டிப் பார்க்கவில்லை.
ஒன்பது.
எனக்கு வயது ஐம்பத்தேழு.

திருப்புளி கையில்தான் இருந்தது.
கதவு மணி அடித்தது,
யாரோ மெழுகு கேட்டார்.