திரையில் அலை இருந்தது

கேயோன் துறைமுகத்தில்
பத்தொன்பதாம் நாளாக மழை.
இரவு இரண்டே காலுக்கு
சிப்பி ஏற்றும் வண்டியில் கிடத்தி
எலெயுத்தேரியோ லெப்பியோவைக் கொண்டுவந்தாள் மனைவி.
இறக்கும்போது என்னிடம் மணி கேட்டார்.
சொன்னேன்.
மறுபடி கேட்டார்.

இடது பெருவிரலடியில் கடுகளவு கீறல்,
வெள்ளிக்கிழமை ஒரு சிப்பி ஓடு கிழித்தது.
ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு
சனியும் ஞாயிறும் கயிறு இழுத்திருக்கிறார்.
பிரித்தேன்.
மணிக்கட்டு தாண்டி முழங்கை தாண்டி
அக்குள்வரை போயிருந்தது
ஒரு சிவப்புக் கோடு.

இரண்டாவது சலைன் பையை மாட்டும்போது
கண் மேலே செருகியது.
திரையில் அலை வந்துகொண்டே இருந்தது,
வரிசை தப்பாமல்,
பள்ளி நோட்டில் எழுதிய மாதிரி.
கழுத்தில் விரல் வைத்தேன்.
கழுத்து வேறு சொன்னது.

பயிற்சிக்கு வந்த பையன்
ஷாக் பெட்டியை இழுத்து ஓடிவந்தான்.
"அது வேண்டாம்," என்றாள் டாக்டர் ஒயார்சோ,
"கரண்ட் வருது. குழாய்லதான் தண்ணி இல்ல.
அழுத்து."

அழுத்தினேன்.
காய்ந்த சுள்ளிபோல
கையடியில் ஒரு விலா எலும்பு விட்டது.
பதினேழு, மன்னிச்சுக்குங்க, பதினெட்டு.
அட்ரினலின்.
மூன்றாம் பையைப் பையன்
ஈரத்துணி பிழிவதுபோல் இரு கையாலும் பிழிந்தான்.
ஆன்டிபயாட்டிக் புட்டியைக்
குலுக்கினால் நுரைக்கும், உருட்டத்தான் வேண்டும்.
டாக்டர் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினாள்.
உலகத்தில் எந்தத் தூளும்
அத்தனை நிதானமாகக் கரைந்திருக்காது.

புவேர்தோ மோன்ட்டிலிருந்து போன்:
காற்று. ஹெலிகாப்டர் கிளம்பாது.

பதினோராம் நிமிடம்
பையன் கையை எடுத்தான்.
என் விரல் நுனியில் ஏதோ தட்டியது.
என் நாடியாக இருக்குமோ என்று பயந்து
விரலை மாற்றி வைத்தேன்.
என்னுடையது வேகம்.
இது வேறு,
கதவைத் தட்டலாமா என்று
யோசித்து யோசித்துத் தட்டுகிற ஒன்று.

யாரும் கைதட்டவில்லை.
சிறுநீர்ப் பையில் விழப்போகும்
ஒரு சொட்டுக்காக நின்றோம்.
அது விழவில்லை, இன்னும்.

வெளியே பெஞ்சில் அவள்
டேப் உருளையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.
"நான்தான் சுத்திவிட்டேன்.
தண்ணி போகக்கூடாதுன்னு இறுக்கமா."
என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.
அவள் கையிலிருந்து அதை வாங்கிப்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மூன்றாக ஒன்பது நிமிடம் இருந்தது
அந்த முதல் தட்டு வந்தபோது.
விழித்தால் மறுபடி கேட்பார்.
சொல்வதற்காக
உள்ளங்கையில் எழுதி வைத்திருக்கிறேன்.