பொன் பூசுமுன்

வில்னியூஸ் நகரின் வடகிழக்கு ஓரம்.
இந்த நிறுத்தத்தின் பெயர் சவுலேதெக்கிஸ்;
எங்கள் பேச்சில் சூரியோதயம்.
பிப்ரவரியில் அந்தப் பெயர்
பொய்ச்சாட்சி.

பைன் மரங்களுக்கு அடியில் எங்கள் நிலவறை.
மஞ்சள் விளக்கு மட்டும்.
வேறு வெளிச்சம் பட்டால் பிசின் தானாக இறுகிவிடும்.
மணல்துகளில் பாதி அகலம்தான் நாங்கள் கட்டுவது.
அதற்குள் லட்சக்கணக்கில்
வளைந்து திரும்பும் சந்துகள்.

மே மாதம் புளுபெர்ரிப் புதர்களுக்கு
நகமளவில் ஒரு பச்சைப் பட்டாம்பூச்சி வரும்.
அதன் இறகில் பச்சை என்று எதுவும் கிடையாது.
சாயம் இல்லை, சாறு இல்லை.
வெறும் ஓட்டைகள்;
ஒளியின் ஓர் அலை கால்நீட்ட இடமில்லாத ஓட்டைகள்.
வந்த வெளிச்சத்தில் பச்சையை மட்டும்
வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன.
நாம் அழகு என்பது
உள்ளே விடப்படாத ஒன்றை.

அந்த ஓட்டைகளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

சிவப்பு லேசர். பிசின் அதைச் சட்டை செய்யாது.
இரண்டு ஒளித்துகள் ஒரே கணத்தில்
ஒரே இடத்தில் தட்டினால்தான் கதவு திறக்கும்.
அவ்வளவு நெரிசல்
கற்றையின் நட்டநடுவில் மட்டும்.
அந்த நடுவை நகர்த்தி நகர்த்தி
ஊசியில்லாமல் பின்னுகிறோம்.

முதல் இரவு ஆறு மணிநேரம்.
கழுவினோம். உலர வைத்தோம்.
கடைசிச் சொட்டு ஆல்கஹால் சும்மா போகவில்லை,
சுவர்களைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போனது.
திரையில் பார்த்தால்
யாரோ உட்கார்ந்து எழுந்த கறுப்பு ரொட்டி.
எவால்தாஸ் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.
மறுநாள் நான் சிரித்தேன், அவன் இல்லை.

நான்காவது இரவு, தும்மல்.
ஏழாவது இரவு மாடியில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
ஒன்பதாவதில் எல்லாம் சரி,
நிறம் மட்டும் தவிடு.

பன்னிரண்டாவது இரவு
கரியமில வாயுவை அழுத்தி உலர்த்தினோம்.
திரவமும் இல்லாமல் ஆவியும் இல்லாமல் ஒரு நிலை உண்டு;
அங்கே சொட்டுக்குக் கைகள் கிடையாது.
கண்ணாடித் தகட்டை மேசை விளக்கில் சாய்த்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

பச்சை.

தூசி அளவுதான்.
"ஸ்கிர்மந்தே, மூச்சு விடு" என்றான் எவால்தாஸ்.
விட்டால் பறந்துவிடும் போலிருந்தது.

அறிக்கைக்குப் படம் வேண்டும்.
சந்துகளோ அலையைவிடச் சிறியவை;
ஒளியைக் கொண்டு அவற்றைப் பார்ப்பது
உலக்கையால் தடவி எழுத்து வாசிப்பது.
எலெக்ட்ரான்தான் வழி.
அதற்குப் பிளாஸ்டிக் ஆகாது, மேலே பொன் வேண்டும்.
பத்து நானோமீட்டர் பொன் பூசினால்
படம் உண்டு, பச்சை இல்லை.
பூசாவிட்டால் பச்சை உண்டு, நம்ப ஆளில்லை.
கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள்.
தீர விசாரிப்பதோ
விசாரிக்கப்படுவதைத் தீர்த்துவிடுகிறது.

இருப்பது ஒன்றே ஒன்று.

பத்து நிமிடம் கேட்டேன்.
அவன் காபி போடப் போனான்.
போனில் படமெடுத்தேன்:
கண்ணாடியில் ஏதோ கறை, எதுவாகவும் இருக்கலாம்.
பிறகு நானே உள்ளே வைத்து மூடினேன்.
ஆர்கான் ஊதாவாக எரிந்தது.
பச்சை அணைந்த நொடியைப் பார்க்கவில்லை;
அப்போது அழுத்தமானியில் இருந்தது என் கண்.

திரையில் சாம்பல் நிறம்.
வரி வரியாக இறங்கியது படம்.
சந்து, வளைவு, சந்து.
முந்நூற்றுப் பத்து நானோமீட்டருக்கு ஒரு முறை,
மூலைக்கு மூலை.
எவால்தாஸ் எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.
கீழ்ப்பாதியில் ஓரிடத்தில்
எல்லாச் சுவரும் சேர்ந்து இடப்பக்கம் நெளிந்திருந்தன.
மணி ஐந்து பன்னிரண்டு.
முதல் டிராலிபஸ் மேட்டில் திரும்பும் நேரம்.

மறுபடி எடுக்கலாமே என்றான்.
இருக்கட்டும் என்றேன்.

ஒரு மாதம் கழித்துக் கேள்வி வந்தது:
இந்த நெளிவு என்ன?
கருவியின் அதிர்வு என்று எழுதினான் அவன்.
அதை அடித்துவிட்டு
சூரியோதயம் என்று எழுதினேன் நான்.
அனுப்பியது
அவன் எழுதியதைத்தான்.