மஞ்சள் தாள்

விற்பனைப் பையன் டேவிஷ்
இழுவையைப் பற்றியே பேசினான்.
ஐந்து டன் இழுக்கும், மலையை மாட்டிவிட்டாலும் வரும்.
சஸ்காச்செவனில் எங்கள் பக்கம் மலையே கிடையாது
என்று நான் சொல்லவில்லை.
நான் கூரையில் இருந்தேன்.
முழுக்கக் கண்ணாடி.
இருக்கையைச் சாய்த்தால்
பிப்ரவரி வானம் மொத்தமும் என் மடியில்.

ஒரீசியா ஓட்டுநர் கதவைத் திறந்து
தரையில் குந்தினாள்.
இடுக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளை
மருந்துச் சீட்டுபோல் வாசித்தாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
இழுப்பது வேறு தம்பி, சுமப்பது வேறு
என்றாள்.

ராணித் தேனீக்களின் வயதைக் குறித்துவைக்கும்
நோட்டு வெளியே வந்தது.
பீப்பாய்கள் ஏற்றிய டிரெய்லர்
மூவாயிரத்து நானூறு.
அதன் மூக்கு மட்டும் நம் முதுகில்
நானூறு சாயும்.
நான் எழுபத்தொன்று.
பென்சில் நின்றது.
நீ?

நூற்றொன்பது என்றேன்.
டாக்டரிடம் சொன்ன அதே எண்.

அவள் வாதாடவில்லை.
பழைய வண்டியைத் தானியக் கிடங்குக்கு விட்டு
எடைமேடையில் நிறுத்தினாள்.
என்னோடு ஒருமுறை.
இறங்கு என்றாள். நான் இல்லாமல் ஒருமுறை.
பனியில் தனியே நின்றபடி
தொப்பியையாவது கழற்றியிருக்கலாமோ என்று யோசித்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் கிடங்குக்காரன் ஹால்வர்
வாயைப் பொத்திக்கொண்டான்.
கோதுமைக்கான மேடை,
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
நூற்றிருபது.

கண்ணாடிக் கூரை வண்டியில்
எங்கள் இருவருக்கும் பிறகு மிச்சம் இருபத்தொன்று.
நாய் புரான் முப்பத்திரண்டு.
அப்படியானால் நாய் ஓடித்தான் வரவேண்டும்
என்றாள் ஒரீசியா, சிரிக்காமல்.
இணைப்புக் கொக்கியை அவள் இன்னும் சேர்க்கவே இல்லை.

மறுபடியும் டேவிஷின் மேசை.
சூடாகும் தோல் இருக்கை போயிற்று.
தானே இறங்கும் படிக்கட்டு போயிற்று.
பெரிய சக்கரம் போயிற்று.
கூரை போனபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
ஒவ்வொரு சொகுசும் கழியக் கழிய
அந்தத் தாளில் எண் ஏறியது.
விலை கொடுத்து வாங்கும் எல்லாமே
முதலில் வண்டிக்குச் சுமை, பிறகுதான் நமக்குச் சுகம்.
இதை இருபத்தாறு வருடம் கல்யாணத்தில் இருந்தும்
நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்றைக் கூடுதலாகக் கேட்டாள்:
பின் அச்சுக்குப் பல் விகிதம் கூடியது.
பெட்ரோல் குடிக்கும், மேடம்.
குடிக்கட்டும். ஈரச் சேற்றில் திணறக் கூடாது.

எழுநூற்று நாற்பத்து நான்கு.
மூக்கு நானூறு, நாங்கள், கொக்கி நாற்பத்தைந்து, நாய்.
எழுபத்தாறு மிச்சம் என்றேன்,
கூரையை மீட்டுவிடலாம் என்ற கடைசி நப்பாசையில்.

அவள் இன்னொரு வரி எழுதினாள்.
ஐம்பத்தெட்டு.
பக்கத்தில் பெயர் இல்லை.

கால்கரிக்குப் போன லாரிசா
மூன்று தேனெடுப்புக்கு வரவில்லை.
தொலைபேசியில் இருவரும்
வானிலை மட்டும் பேசுவார்கள்.
அவள் எடை இவளுக்கு எப்படித் தெரியும்
என்று நான் கேட்கவில்லை.
பதினெட்டு கிலோ மிச்சம் என்றேன்.
புகைக்கலம், தேநீர்க் குடுவை, போதும் என்றாள்.

வண்டி ஏப்ரலில் வந்தது.
வீடு சேர்வதற்குள் பனி பிடித்துக்கொண்டது.
இரண்டு முறை ஓரம் கட்டி
பின்தட்டில் விழுந்ததை அள்ளிக் கொட்டினாள்.
துணி இருக்கை, தகரக் கூரை,
பனி விழும் சத்தம் உள்ளே கேட்டது.

பின்னால் புரான்
இருக்கை முழுவதும் நீட்டிப் படுத்திருந்தது.
ஒரீசியா கண்ணாடியில் பார்த்தாள்.
தள்ளிப் படு என்றாள்.