அட்டவணை மூன்றில் ஒரு பூஜ்யம்

டார்ட்டு நகரத்தில் பத்து மணி வகுப்பு
பத்தேகாலுக்குத்தான் தொடங்கும்.
பல்கலைக்கழகத்தின் பழைய சலுகை அந்தக் கால்மணி.
பூட்ஸைத் தட்டிப் பனி உதிர்க்கலாம்.
படிக்காத கட்டுரையைப்
படித்த முகத்தோடு புரட்டலாம்.

பயன்பாட்டு மொழியியல், முதுகலை இரண்டாம் ஆண்டு.
ஆறு பேர். ஓயாமல் இருமும் ஒரு வெப்பக்குழாய்.
பேராசிரியர் லேலோவுக்குக் காய்ச்சல்.
கதவில் சீட்டு ஒட்டியிருந்தது:
"நான் இல்லாமல் சண்டை போடுங்கள்.
பின்னிணைப்பிலிருந்து ஆரம்பியுங்கள்."

கட்டுரை இருபத்து நான்கு பக்கம்.
நார்வாவின் ருஷ்யமொழிப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர்,
ஆளுக்கு இருபது படம், பன்னிரண்டு நிமிடம்.
பரிசோதிக்கப்பட்டனர். மதிப்பிடப்பட்டனர். ஒப்பிடப்பட்டனர்.
எஸ்தோனியச் சொல்வளம் போதாது எனக்
கண்டறியப்பட்டது.
ஓரத்தில் நான் தமிழில் கிறுக்கினேன்:
எத்தனை பட்டது!
பட்டவர்கள் இருக்கிறார்கள்,
படுத்தியவரைத்தான் காணோம்.

யோசெப் புள்ளியியலை மெச்சினான்.
"மாதிரி சிறிது, ஆனால் நேர்மை.
என் அப்பா பேசுவதையும்தான் கிளைமொழி என்கிறார்கள்,
வோருவில் நாங்கள் அழுதா கொண்டிருக்கிறோம்?"
மார்லீன் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டாள்,
அதற்குள் அவள் நுழைந்தால்
வெளியே வரச் சாப்பாட்டு நேரமாகும்.

ஸ்லாத்தா எதுவும் பேசவில்லை.
கைப்பேசியில் நேரமானியைத் திறந்தாள்,
பின்னிணைப்பை உரக்கப் படித்தாள்.
"ஆய்வாளர்: இது என்ன?
குழந்தை பதினேழு:"
அடைப்புக்குறிக்குள் இருந்தது 11.0.
அதையும் படித்தாள்,
அதாவது, சும்மா இருந்தாள்.

குழாய் இருமியது.
கீழே பனிவண்டி கல்தெருவைச் சுரண்டிப் போனது.
யோசெப் பேனாவைத் திறந்தான், மூடினான்.
ஆறாம் வினாடியில் எனக்குக் காது சூடானது.
ஒன்பதில்
ஏதாவது ஒரு மொழியில்
நானே விடை சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"ஆய்வாளர்: சரி. அடுத்தது."

அட்டவணை மூன்றில்
நாங்கள் கடந்து வந்த அவ்வளவும்
ஒரு பூஜ்யம்.

பிறகு அந்தப் படத்தைக் காட்டினாள்.
நகலின் நகலின் நகல்.
முள்ளெலி என்றது விடைத்தாள்.
"ஷூ துடைக்கிற பிரஷ்," என்றான் யோசெப்,
சொன்னபின் தானே அமைதியானான்.
"எனக்கும் அப்படித்தான் தெரிந்தது," என்றாள் ஸ்லாத்தா.
"ஆறு வயதில் பெரியவர்களிடம்
பிரஷ்ஷை முள்ளெலி என்று எப்படிச் சொல்வது?"

இதோடு முடித்திருந்தால் அவளுக்கு வெற்றி.
இரண்டு வாரம் கழித்து நூலகத்தில்
தன் ஆய்வேட்டின் வரைவை
அதே கண்ணால் படித்துக்கொண்டிருந்தாள்,
ஆன்னலின் மருந்துக்கடையில்
அவளே பதிவுசெய்த உரையாடல்கள்.
முப்பத்தொன்றாம் பக்கம் வந்ததும்
தாளை என் பக்கம் தள்ளினாள்.
"வாடிக்கையாளரிடமிருந்து பதில் பெறப்படவில்லை."
அவள் வாக்கியம். அழகாக, ஆளில்லாமல்.

காதுக்கருவி மாட்டிப் பதிவைத் திரும்பக் கேட்டாள்,
நான்கு முறை.
அடித்தாள். எழுதினாள்:
"நான் கேட்டேன்.
அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
எண்ணி முடிக்கும்வரை நான் பொறுக்கவில்லை."

லேலோவின் குறிப்பு மறுநாள் வந்தது:
இது ஆய்வுநடை இல்லை.
அடியில், வேறு மையில்: இருக்கட்டும்.

இப்போது மேசையில்
என் வரைவும் இருக்கிறது, தொண்ணூறு பக்கம்.
ஸ்லாத்தா கேட்டுவிட்டாள், படிக்கட்டுமா என்று.
பனிவண்டி இரண்டாம் முறை போகிறது.
நான் இன்னும்
பதில் சொல்லவில்லை.