மிகும் இடம், மிகா இடம்

பதினோரு ஆண்டு
செந்தூலில் ஒரு நாளிதழுக்கு
ஒற்றுப் போட்டும் ஒற்று நீக்கியும் பிழைத்தவன் நான்.
விளம்பரத்தில் ஒரு 'ப்' விழுந்துபோனதற்காக
நகைக்கடைக்காரரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.
எனக்கு நடந்ததை
எனக்குத் தெரிந்த இலக்கணத்தில்தான் சொல்ல வரும்.

முதலில் வந்தது குரல் அல்ல.
அடிக்கோடு.
ஜாலான் ஈப்போவில் நின்ற வேனின் எண் பலகை,
ஐஸ் இறக்குகிறவனின் இடக்கை உறை,
மாமாக் கடையில் மூன்று முறை நின்று சுழன்ற விசிறி,
எல்லாவற்றின் கீழும் யாரோ
சிவப்பு மையில் கோடு இழுத்துக்கொண்டே போனார்கள்.
முக்கியம். முக்கியம். முக்கியம்.
பக்கம் முழுக்கத் தலைப்பாக இருந்தால்
செய்தியை எங்கே படிப்பது?

அந்த மைக்கு டோபமின் என்று பெயராம்.
டாக்டர் நோர்ஹிடாயா
என் கிளினிக் அட்டையின் பின்புறம் ஒரு மூளை வரைந்து காட்டினார்.
உள்ளே ஆழத்தில், மிகும் இடம்.
நெற்றிக்குப் பின்னால், மிகா இடம்.
அவர் சொன்னது மலாயில்.
வல்லினத்தை நான் சேர்த்துக்கொண்டேன்.
மிகுந்த இடத்தில் அந்த வேன் எனக்காகவே வந்தது.
மிகாத இடத்தில்
ஒன்பது நாள் குளிக்காமல் கிடந்தேன்.
தவமலர் அழுதபோது என் முகம்
அச்சேறாத தாளாக இருந்தது.
அக்கா அதைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.
குரல்களை மன்னித்துவிட்டாள்.

குரல்கள்.
நினைக்கும் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூளை
'இது என்னுடையது' என்று குறி போடுமாம்.
குறி விடுபட்டால்
சொந்த வாக்கியம் வேறொருவர் கூற்றாகிவிடும்.
மேற்கோள் குறி விடுபட்ட ப்ரூஃப் எத்தனை பார்த்திருப்பேன்!
மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் கதவு திறந்தபோது
அறிவிப்புப் பெண் நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு
தாழ்ந்த குரலில், தமிழில், சேர்த்துக்கொண்டாள்:
'குணாளா, இரண்டு ஆறும் சேர்வது உன்னால்தான்.
பொறுப்பை ஏற்றுக்கொள்.'
ஏற்றுக்கொண்டேன்.
கோம்பாக்கும் கிள்ளானும் கலக்கும் முனையில்
ராத்திரி இரண்டு மணிவரை, மழையில்,
நின்று ஏற்றுக்கொண்டேன்.
ஒரு போலீஸ்காரர் என் காலணியைத் தேடித் தந்தார்.

ஏன் எனக்கு?
தஞ்சோங் ரம்புத்தானில் செத்துப்போன,
வீட்டில் யாரும் பெயரெடுக்காத சித்தப்பாவின் ரத்தம் இருக்கலாம்.
நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வந்த காய்ச்சல் இருக்கலாம்.
பதினெட்டு வயதில் ஃப்ளாட் மாடிப்படியில் இழுத்த கஞ்சா
கதவைத் தள்ளியிருக்கலாம்.
இளவயதில் மூளை தன் இணைப்புகளைத் தானே வெட்டித் திருத்தும்,
அங்கே கத்தரி கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கலாம்.
எல்லாவற்றையும் 'லாம்' என்றே முடித்தார் டாக்டர்.
'தான்' என்று முடித்தவர்
பத்துமலைப் பக்கத்துச் சாமியார் ஒருவர் மட்டும்.
செய்வினைதான்.
ஆயிரத்து இருநூறு வெள்ளி.

இப்போது குளோசபின்.
விடியும்போது தலையணை எச்சிலில் ஊறியிருக்கும்.
கால்சட்டை இரண்டு அளவு ஏறிவிட்டது.
மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும்,
வெள்ளணு சரிந்தால் மருந்து போய்விடும்,
மருந்து போனால், தெரியாது.
மிஸ்ஸி ரொஸ்னா நரம்பைத் தட்டிக்கொண்டே பெயர் கேட்பாள்.
ஒரு குரல் பதில் சொல்லும்.
அது என்னுடையது என்று
பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகைகள் திருத்துகிறேன்.
பென்சிலில்தான்.
சிவப்புப் பேனா வேண்டாமே என்றாள் அக்கா,
நானும் காரணம் கேட்கவில்லை.

அந்த வேன் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.
எண் மனப்பாடம். வெறும் ஐஸ் வேன்.
ஆறுகள் என்னைக் கேட்காமலே சேர்ந்து
கலங்கிய நிறத்தில் போகின்றன.
சில மாலைகளில்
அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.