நிலைக்கண்ணாடியோடு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

வண்டியில் இருக்கை பதினொன்று.
ஏறியவர்கள் பதினாறு.
கைக்குழந்தையை நான் சேர்க்கவில்லை.
என்னையும் சேர் என்று அது கத்தியது
உலான்பாத்தர் எல்லையைத் தாண்டுமுன்.

சுங்க அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள்.
எண்ணாமல் இருக்க வராது எனக்கு.
மாவு மூட்டை ஏழு, அதில் ஒன்று என் ஆசனம்.
வெந்நீர்க் குடுவை நான்கு.
உபரிச் சக்கரம் ஒன்று, அதுவும் வழுக்கை.
அப்புறம், கம்பளியில் சுற்றி
நோயாளிபோல் நெடுகக் கிடத்திய
ஒரு நிலைக்கண்ணாடி.

ஓல்கீயில் மகளுக்குக் கல்யாணமாம்.
கூரைமேல் கட்ட ஹவ்திஸ்லாம் சம்மதிக்கவில்லை.
மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.
அவர் மடி போதவில்லை.
கேட்காமலே எங்கள் மடிக்கும் நீண்டது.

அர்வைஹேர் வரை யாரும் யாரோடும் பேசவில்லை.
முழங்கால்கள்தாம் பேசிக்கொண்டன:
நீ சற்று இடம், நான் சற்று வலம்,
பள்ளம் வந்தால் சேர்ந்தே எழும்புவோம்.
எதிரே, விடுப்பில் போகும் சிப்பாய் எர்ஹெம்.
மரத்துப்போன ஒரு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்,
அது அவனுடையது என்று
அவன் கூச்சத்தோடு சொல்லும்வரை.

பயன்ஹோங்கோருக்கு அப்பால்
நள்ளிரவில் பின்சக்கரம் வெடித்தது.
ஓட்டுநர் கொம்போசுரேன் வண்டிக்கடியில் படுத்து
அதன் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்.
டார்ச்சில் பேட்டரி செத்திருந்தது.
கண்ணாடியைப் பிரித்தது ஹவ்திஸ்லாமேதான்.
முன்விளக்குக்கு எதிரே
நாலு பேர் அதைக் காற்றோடு மல்லுக்கட்டி நிறுத்த,
வெளிச்சம் திரும்பி நடந்து
பின்சக்கரத்துக்கு வந்தது.
வரும் வழியில் எங்களையும் பார்த்தது.
புருவமெல்லாம் புழுதி, பதினாறு பிசாசுகள்.
முதல்முறை சிரித்தோம்.
பொதாகோஸ் சிரித்த சிரிப்பில்
அவள் மார்பைப் பற்றியிருந்த குழந்தை
பால் விட்டுவிட்டுத் திகைத்தது.

அதன்பின் உலர்தயிர்க் கட்டி
ஒரு வாயில் உடைந்து மூன்று வாய்க்குப் போனது.
உப்புத் தேநீர் ஒரே கோப்பையில் சுற்றியது.
குழந்தை நான்கு மடிகளின் குறுக்கே,
கண்ணாடிக்குப் பக்கத்தில்,
கண்ணாடியைவிட அலட்சியமாக உறங்கியது.

அல்தாய் கடந்து ஒரு குழி.
டிக்.
எலி பல் வைத்த அளவு சத்தம்.
எல்லோருக்கும் கேட்டது.
மூன்று மணி நேரம் எவரும் தும்மக்கூட இல்லை.

ஹோவ்தில், ஆற்றங்கரையில், கம்பளி விலகியது.
மேல்மூலையிலிருந்து ஒரு மயிரிழை.
என் துப்பாக்கிப் பெல்ட்தான், என்றான் எர்ஹெம்.
பெல்ட்டே அவன் போட்டிருக்கவில்லை.
குழந்தை உதைத்தது, என்றாள் பொதாகோஸ்.
நான் மூட்டையில் நெளிந்தேன், என்றேன்.
குழியில் விட்டவன் நானல்லவா, என்றார் கொம்போசுரேன்.
எண்ணினேன்:
கீறல் ஒன்று, குற்றவாளிகள் ஒன்பது.

ஹவ்திஸ்லாம் கீறலை விரலால் தடவினார்.
"வாங்கும்போதே இருந்தது இது.
அதனால்தான் மலிவாகக் கொடுத்தான்."

டயர் வெடித்த இரவில்
அதில் முழுசாகத் தெரிந்த முகங்கள்
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின.
பொய்க்கணக்கைப் பிடிப்பது என் உத்தியோகம்.
நானும் ஆட்டினேன்.

ஓல்கீயில் விடியற்காலை இறங்கினோம்.
யாரும் முகவரி கேட்டுக்கொள்ளவில்லை.
அவரவர் மூட்டை, அவரவர் தெரு.
எர்ஹெமின் கரண்டி என் பையில் இருந்ததை
இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

அன்றிரவு விடுதிக் கட்டிலில்
காலை நீட்டிப் படுக்க எவ்வளவோ இடம்.
மடக்கிக்கொண்டேன்.