கான்கிரீட்டுக்கு வந்த ஐஸ்

கறுப்பு உருண்டை ஒன்று,
நனைத்த திரி சுற்றிய கண்ணாடிக் குழாய் ஒன்று,
சும்மா நிற்கும் குழாய் இன்னொன்று.
மூன்றும் கூடிப் பேசி ஓர் எண்ணைச் சொல்லும்.
அதை எழுதுவது என் வேலை.
மீதி வேலையெல்லாம்
ஜெலுத்தோங் கடலோரம் முப்பத்தெட்டு மாடிக்கு
அஸ்திவாரம் போடுகிறவர்களுடையது.

ஆபீஸ் கன்டெய்னர் கதவில்
நான்கு மொழிகளில் ஒட்டியிருக்கிறது தாள்.
முப்பத்திரண்டைத் தாண்டினால்
மணிக்குப் பதினைந்து நிமிடம் நிழல்.
முப்பத்துமூன்றைத் தாண்டினால் வேலை நிறுத்தம்.
நிழல் எங்கே என்று தாளில் இல்லை.
'வெப்ப அழுத்தம்' என்று தமிழில் இருந்ததை
பெரியகருப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.
"வெயிலுக்கு இம்புட்டுப் பெரிய பேராக்கா?"

மிஸ்டர் ஊய் கெட்டவர் இல்லை.
கருவியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.
குழியோரத்தில் யாராவது தட்டிவிடுவார்களாம்.
சைட்டில் வெட்டாமல் விட்டது ஒரே ஒரு வாதுமை மரம்.
அதன் நிழலில் முக்காலி போட்டு
மூன்று வாரமாய் உட்கார்ந்திருக்கிறது கருவி.
முப்பத்தொன்று புள்ளி ஆறு.
முப்பத்தொன்று புள்ளி ஏழு.
முப்பத்தொன்று புள்ளி ஆறு.
என் கையெழுத்து அழகானது,
பள்ளியில் பரிசு வாங்கியது.

புதன்கிழமை லாரி வந்தது.
தள்ளுவண்டியில் கொட்டிய கான்கிரீட்டுக்குள்
கம்பி வெப்பமானியைச் செருகிப் பார்த்தார் சோதனைக்காரர்,
காய்ச்சல் பிள்ளையின் அக்குளில் வைப்பதுபோல.
முப்பத்தாறு.
தலையை ஆட்டினார். லாரி திரும்பிப் போனது.
சூட்டோடு இறுகினால் உள்ளே வெடிப்பு விழுமாம்.
வெளியே தெரியாதாம்,
பத்து வருடம் கழித்துத்தான் தெரியுமாம்.
கலவைக்குப் போட ஐஸ் வந்தது,
பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து,
தார்ப்பாய்க்குள் சாக்கு போர்த்தி, நாற்பது மூட்டை.

குழிக்குள் ரொபியுல் கம்பி கட்டிக்கொண்டிருந்தான்,
கையுறைக்கு மேல் கையுறை போட்டு.
காலையில் வாங்கிய தே ஓ ஐஸ் பொட்டலம்
பக்கத்துக் கம்பியில் தொங்கியது.
ஐஸ் பெயரில் மட்டும்.
பதினொன்றரைக்கு வாந்தி எடுத்தான்.
பன்னிரண்டுக்கு அவனுக்கு வியர்ப்பது நின்றது.
அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்,
இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ்கூட இருக்கிறது.
அவன் கிரேனைப் பார்த்து
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெரியகருப்பன் யாரையும் கேட்கவில்லை.
ஒரு மூட்டையை இழுத்தான், பல்லால் கிழித்தான்.
கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில்
கான்கிரீட்டுக்கு வந்த ஐஸ்.
அது உருகிய வேகத்தைப் பார்த்தபடி நின்றேன்,
பேனாவோடு.

மிஸ்டர் ஊய் ஓடிவந்தார்.
வந்ததும் மூட்டைகளைத்தான் எண்ணினார். பழக்கம்.
"முப்பத்தொன்பது" என்றார்.
பிறகு ரொபியுலைப் பார்த்தார்.
பிறகு தன் காரைக் குழியோரம் வரை கொண்டுவந்தார்,
வெள்ளை சீட்டில் சேறு படப் படுக்கவைத்தார்.

மூன்று மணிக்கு அடுத்த லாரி.
கான்கிரீட் முப்பது. ஏற்றுக்கொண்டார்கள்.
நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்:
கொண்டுபோனபோது உடம்பு நாற்பது புள்ளி எட்டு,
இப்போது கண் திறந்திருக்கிறான்.
அந்த எண்ணை எழுத
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

முக்காலியோடு கருவியைத் தூக்கிக்கொண்டு
குழிக்குள் இறங்கினேன்.
கறுப்பு உருண்டை சூடேறக் கால் மணி நேரமாவது வேண்டும்.
யாரும் என்னைத் தடுக்கவில்லை,
யாரும் உதவவும் இல்லை.
முப்பத்துநாலு புள்ளி இரண்டு.
எழுதினேன். வியர்வை விழுந்து இரண்டு கலைந்தது,
மறுபடி எழுதினேன்.

ஏறி வந்து பார்த்தால்
வாதுமை மரத்தடியில் கருவி இருந்த இடத்தில்
மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
நாலாவது ஆளும் ஒடுங்கிக்கொண்டான்,
கால்கள் மட்டும் வெயிலில்.